நின்ற இடத்தில் ஓடிய சைக்கிள்

1. ஓடிப்போன முதல் நோயாளி

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் நோயாளி ஓடிப்போய்விட்டார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோள்பட்டை வலி என்று வந்திருந்தார். உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப் பேடுகளை அவர் தோளில் வைத்து, ரப்பர் பட்டையால் கட்டி, மெஷினைப் பிளக்கில் சொருகினேன். கரண்ட் ஏற்றுகிற திருகைத் தொடக்கூட இல்லை. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்ததும் வயரைப் பிடுங்கிவிட்டு, பேடும் பட்டையுமாக வாசலுக்குப் போய்விட்டார்.

"எனக்கு வலியே இல்ல டாக்டரம்மா. இப்பதான் போச்சு. நா வாரேன்" என்றார்.

பின்னாலேயே போய்ப் பேடை மட்டும் கழற்றி வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்ததே அந்த ஒரு செட்தான்.

அது எழுபதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, 'பிசியோதெரபி' என்று போர்டு மாட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'கரண்டு வைக்கிற ரூம்' என்றார்கள். நான் 'கரண்ட் அக்கா' ஆனேன். மெட்ராஸில் வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் படித்தது இந்தப் பெயருக்குத்தானா என்று ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் காய்கறிக் கடையில், "கரண்ட் அக்காவுக்கு நல்ல கத்திரிக்காயாப் பொறுக்கிப் போடுலே" என்று கடைக்காரர் சத்தம் போட்டார். அன்றோடு எரிச்சல் போய்விட்டது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் மேஜை நிறைய மெஷின் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு மரப்பெட்டி. அதற்கு மசில் ஸ்டிமுலேட்டர் என்று பெயர். அதிலிருந்து வருகிற மெல்லிய கரண்ட், தசையைத் தானாகச் சுருங்க வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். என் வேலைக்காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

2. புளி உலுக்கப் போனவர்

சுடலைமுத்து குற்றாலம் மெயின் அருவியில் எண்ணெய் தேய்க்கிறவர். மேலகரத்தில் வீடு. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டுகிற சீசன் மாதங்களில் காலை முதல் மாலை வரை குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். சீசன் முடிந்தால் கிடைத்த வேலைக்குப் போவார். ஒரு பங்குனியில் ரோட்டோரப் புளியமரத்தில் ஏறிப் புளி உலுக்கும்போது கிளை முறிந்து முதுகு அடிபட விழுந்தார். தண்டுவடம் நசுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது. காலை அசைக்க முடியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வீட்டில் ஒரே பக்கமாகப் படுத்திருந்து படுக்கைப் புண் வந்துவிட்டது. அந்தப் புண்ணோடுதான் புரட்டாசியில் எங்களிடம் வந்தார். கூட அவர் மனைவி பேச்சியம்மாள். வாய் ஓயாத பெண். புருஷன் விழுந்ததிலிருந்து வாயை வைத்துத்தான் ஊரைச் சமாளித்திருக்கிறாள் என்று போகப்போகத் தெரிந்தது.

புண்ணை எங்கள் பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அவருடையதுதான், எலும்பு டாக்டர், எதிலும் அவசரம். நான் தொடையில் பேடு வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். தொடைத் தசை எழும்பிச் சுருங்கியது. முழங்கால் லேசாக நிமிர்ந்தது.

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடலைமுத்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நா நடந்துருவேனா?"

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. "இல்ல. மூளையில இருந்து வர்ற வயரு நடுவுல நசுங்கிட்டு. கீழ இருக்க மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அதான் நான் வெளிய இருந்து கரண்டு குடுத்தா ஆடுது. நீங்க நினைச்சா ஆடாது" என்றேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "நடக்க முடியாதுன்னு சொல்லிட்டிய. சரி. உக்கார முடியுமா?"

"கொஞ்ச நேரம் உக்காரலாம்."

"கொஞ்ச நேரம் போதாது அக்கா. எண்ண தேய்க்கது கை வேலைதான? பகல் பூரா உக்காந்தாத் தொழில் பாத்துருவேன். அடுத்து வார சீசனுக்கு என்னய அருவிக்கரையில உக்கார வச்சிருங்க. அது போதும்."

அப்போதுதான் என்னை முதன்முதலாக அக்கா என்றார். கேட்டது நியாயமான காரியம். ஆனால் லேசான காரியம் இல்லை. படுத்தே கிடந்ததில் அவர் பிட்டத்தில் சதையே இல்லை. எலும்பின் மேல் நேராகத் தோல். உட்கார வைத்தால் சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்துவிடும். சிவந்தது மறையாவிட்டால் அடுத்தது புண். திரும்பவும் குப்புறப் படுக்க வேண்டியதுதான். அவர் கேட்ட பகல் பொழுதுக்கும் எங்கள் கையில் இருந்த கொஞ்ச நேரத்துக்கும் நடுவில் சதை வேண்டும், ரத்த ஓட்டம் வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது?

3. கோயில் கொடையில் கிடைத்த யோசனை

பெரிய டாக்டர் ஏதோ ஒரு கான்பரன்சுக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு என் அறைக்குத்தான் வந்தார்.

"எம்மா, வெளிநாட்டுல என்ன செய்தான் தெரியுமா? கால் விளங்காதவன சைக்கிள்ல உக்கார வச்சு, தொடைக்கும் பிட்டத்துக்கும் மாத்தி மாத்திக் கரண்டு குடுக்கான். கால் தானா மிதிக்கி. சதை ஏறுதாம். ரத்த ஓட்டம் நல்லாயிருதாம். நம்ம சுடலைக்குச் செய்வோமா?"

"வலது கால் எப்ப, இடது கால் எப்பன்னு யார் சார் மாத்திவிடுவாங்க?"

"அங்கன கம்ப்யூட்டர் செய்யுது."

"இங்கன?"

"இங்கன நீ செய்யி" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

வலது தொடைக்கு ஒன்று, இடது தொடைக்கு ஒன்று என்று மெஷினின் இரண்டு திருகையும் பிடித்து மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தேன். சைக்கிள் மிதிக்கிற வேகத்துக்கு என் கை போகவில்லை. ஒரு வாரம் இதே நினைப்பாக இருந்தேன்.

அந்தச் சமயம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. வாசலில் சீரியல் செட் போட்டிருந்தார்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ: மூங்கில் தட்டியில் கலர் பல்புகளைக் கட்டி, அம்மன் கையில் சக்கரம் சுற்றுகிற மாதிரி மாற்றி மாற்றி எரிய விடுவார்கள். அது எப்படி மாறுகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு மர உருளை. அதன் மேல் அங்கங்கே பித்தளைத் தகடு அடித்திருக்கிறது. ஒரு சின்ன மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. தகடு வந்து தொடுகிற கம்பிக்குரிய பல்பு எரிகிறது. தகடு தாண்டினால் அணைகிறது. நான் நின்ற நிலையைப் பார்த்து, சாமி வந்துவிட்டதோ என்று பக்கத்தில் ஒருத்தி நினைத்திருக்கிறாள்.

செட் போட்டவர் மைதீன் அண்ணாச்சி. தென்காசியில் மைக் செட் கடை வைத்திருந்தவர்.

"அண்ணாச்சி, பல்புக்குப் பதிலா ஒரு ஆளோட ரெண்டு கால இதுல மாட்டணும்" என்றேன்.

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யார் மேல தங்கச்சி அவ்வளவு கோவம்?"

விளக்கிச் சொன்னதும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. மெஷினிலிருந்து வருகிற கரண்ட் வீட்டுக் கரண்ட் இல்லை, ஆளைக் கொல்லாது என்று அவருக்குப் புரியவைக்க, என் கையிலேயே பேடை வைத்துக் காட்டினேன். பெரிய டாக்டர் இன்னொரு ஸ்டிமுலேட்டர் வாங்கித் தந்தார். ஒரு பக்கத்துத் தொடைக்கும் பிட்டத்துக்கும் ஒரு மெஷின். ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினோம். சக்கரம் ஒரே சீராகச் சுற்றுவதற்காக ரிம்மில் இரும்புப் பட்டை வைத்துக் கட்டினோம். சீட்டுக்குப் பதில் பின்னால் சாய்வு நாற்காலி. பாதம் நழுவாமல் இருக்க, பெடலில் பழைய பூட்ஸை ஆணி அடித்து இறுக்கினோம்.

முதலில் அண்ணாச்சி, கோயிலில் செய்கிற மாதிரியே உருளையைச் சுற்ற மோட்டாரை வைத்துவிட்டார். வெள்ளோட்டத்துக்கு அவரே ஏறி உட்கார்ந்தார். மோட்டார் ஒரு வேகத்தில் போகிறது, கால் ஒரு வேகத்தில் போகிறது. பெடல் மேலே வரும்போது மிதிக்கச் சொல்லிக் கரண்ட் வந்துவிட்டது. அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"சவத்த மோட்டாரத் தூக்கிப் போடுங்க!" என்று தரையில் கிடந்தபடியே சொன்னார். "விளக்குக்குத்தான் மோட்டாரு. இங்கன காலுதான மோட்டாரு?"

அதன்பின் உருளையைச் செயின் போட்டுப் பெடலோடு சேர்த்தோம். கால் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப உருளை நிற்கும். எந்தக் கால் மிதிக்க வேண்டுமோ அதற்குத்தான் கரண்ட் போகும். கோயில் யோசனை என்னுடையது, செயின் யோசனை அவருடையது. இதில் எது பெரிது என்று இருவரும் கடைசிவரை சண்டை போட்டோம்.

4. பேச்சியம்மாள் உடைத்த தேங்காய்

புண் ஆறுகிற வரைக்கும், படுக்கையிலேயே தினமும் தொடைக்குக் கரண்ட் கொடுத்துத் தசையைப் பழக்கியிருந்தேன். எடுத்த எடுப்பில் சைக்கிளில் ஏற்றியிருந்தால் நாலு சுற்றில் தசை ஓய்ந்துவிடும். மாசிவாக்கில் தயார் என்று தோன்றியது.

நாற்காலியில் சுடலைமுத்துவை இறக்கி, பூட்ஸில் பாதத்தைக் கட்டினோம். முதல் சுற்றை யாராவது கையால் தள்ளிவிட வேண்டும். பேச்சியம்மாளைத் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். திருகை ஏற்றினேன். வலது தொடை திரண்டது, பெடல் கீழே போனது. உருளை டக்கென்றது. இடது தொடை திரண்டது. டக். வலது. டக். இடது. பேச்சியம்மாள் கையை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மைதீன் அண்ணாச்சி உருளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்; கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் பக்கத்து அறையிலிருந்த நோயாளிகளை எல்லாம் கூட்டி வந்துவிட்டார்.

பேச்சியம்மாள் ஓட்டமாக வெளியே போய் ஒரு தேங்காயோடு வந்தாள். என் அறை வாசல்படியிலேயே ஓங்கி உடைத்தாள். "நடந்துட்டாவ! எங்க வீட்டு ஆளு நடந்துட்டாவ!"

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுடலைமுத்துவே கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. நடக்கதுக்கு இல்ல இது. அக்கா அன்னைக்கே சொல்லிட்டாவ. பகலு பூரா உக்காரதுக்கு. சீசனுக்கு."

"கால் ஆடுதே?"

"நா ஆட்டல. கரண்டு ஆட்டுது. எனக்குத் தெரியவே இல்லட்டி, கண்ணால பாத்தாத்தான் உண்டு."

அவள் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கிற வரைக்கும் நிமிரவே இல்லை. பிறகு எனக்கும் அண்ணாச்சிக்கும் ஆளுக்கு ஒரு சில்லு கொடுத்தாள். "உடைச்சது உடைச்சாச்சு. உக்காரதுக்கே இருக்கட்டும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

5. சேம்பிலைத் தண்ணீர்

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் நன்றாகப் போனது. காலையில் வோல்டேஜ் சீராக இருக்கும் என்பதால் விடிந்ததும் வரச் சொல்லியிருந்தேன். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் மேலகரத்திலிருந்து அவரே வந்துவிடுவார். பேச்சியம்மாள் பின்னால் தள்ளிக்கொண்டு வருவாள். தொடை கண்ணுக்குத் தெரியத் திரண்டது. பிட்டத்தில் சதை வைத்தது. மதியம் வரை உட்கார்ந்தாலும் தோல் சிவக்கவில்லை. இன்னும் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை பாக்கி. சாரலுக்குள் எட்டிவிடலாம் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

வைகாசி பிறந்ததும் சைக்கிள் நின்றுபோனது.

முதல் நாள் மெதுவாகச் சுற்றியது. இரண்டாம் நாள் தடுமாறியது. அதன்பின் தள்ளிவிட்டாலும் ஓடவில்லை. திருகை ஏற்றிப் பார்த்தேன். தசை லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். இன்னும் ஏற்றினேன். பேடின் ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் சிவந்தது. உடனே நிறுத்திவிட்டேன். உணர்வு இல்லாத தோல் வெந்தால் அவருக்குத் தெரியாது. நம் கண்தான் பார்க்க வேண்டும்.

பெரிய டாக்டர் முகம் தொங்கிவிட்டது. "கீழ இருக்க நரம்பும் போயிட்டோ என்னமோ" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அது சுடலைமுத்து காதிலும் விழுந்துவிட்டது.

"அப்ப சீசன் இல்லியா அக்கா?" என்று கேட்டார். சைக்கிள் இல்லாவிட்டால் வைத்த சதை சீக்கிரம் வற்றிவிடும், உட்காரவும் முடியாமல் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மைதீன் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன். அவர் வரும்போதே கோபமாக வந்தார். "எம் உருள மேல பழிபோடாதிய. நாலு கொடையில ஓடின உருள" என்றபடி தன் முன்கையில் பேடை வைக்கச் சொன்னார். கரண்ட் கொடுத்ததும் அவர் விரல்கள் மடங்கின. என் கையில் வைத்தேன். என் விரலும் மடங்கியது. மெஷின் சரி, உருளை சரி. அப்படியென்றால் கோளாறு சுடலைமுத்துவின் நரம்பில்தான் என்றாகிறது.

பேச்சியம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. "எங்கையில வைங்க, பாப்போம். மிஷினுதான் கெட்டிருக்கும்" என்று கையை நீட்டினாள். ஆறுதலுக்காக வைத்தேன். அவள் விரல் மடங்கவில்லை. திருகை ஏற்றினேன். ம்ஹூம்.

"ஏட்டி பேச்சி, நீ எந்தப் புளியமரத்துல இருந்து விழுந்த?" என்றேன். மரத்திலிருந்து விழாத அவள் கையும் மடங்கவில்லையென்றால் கோளாறு நரம்பில் இல்லை.

பேடை எடுத்துப் பார்த்தேன். அவள் முன்கையில் உப்புத் தண்ணீர் பரவவே இல்லை. சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்றது.

"கையில என்னட்டி தடவியிருக்க?"

"நா எங்க தடவுனேன்? அவியளுக்குத் தேச்ச கைதான்."

"எதத் தேச்ச?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சீசன் நெருங்குகிறது என்று அருவியில் கூடத் தொழில் பார்க்கிற கூட்டாளிகள் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். காலில் சதை வைத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் தொழிலில், சதையைக் கண்டால் எண்ணெய் தேய்க்காமல் விடமாட்டார்கள். மாடசாமி என்கிற மூத்த கூட்டாளி, சீசனுக்கென்று காய்ச்சிய மூலிகை எண்ணெயில் முதல் படியை இவருக்கென்று எடுத்து வந்துவிட்டார். தினமும் விடியுமுன் யாராவது ஒருவர் முறை வைத்து வந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை ஊற ஊறத் தேய்க்கிறார்கள். பேச்சியம்மாளும் சேர்ந்து தேய்க்கிறாள். எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும் என்பதால் சீயக்காய் போடுவதில்லை.

"அவரு கால்ல எண்ண இருந்தா எங்கைக்குத் தெரியாமப் போகுமாட்டி? தொட்டாக் காய்ஞ்சுதான இருக்கு?"

அவள் வெட்கப்பட்டாள். "ஒங்க வெள்ளப் பேடு பூரா எண்ணயாயிருமேன்னு, துண்டாலத் தொடச்சு, மேல பவுடர் போட்டுக் கூட்டியாருதேன் அக்கா. சுத்தமா இருக்கணும்னு நீங்கதான சொன்னிய?"

பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும். கரண்டுக்கு எண்ணெய் ஆகாது; தண்ணீர் நனைந்த தோலில்தான் அது இறங்கும். எண்ணெய்க்கு மேல் பவுடர் வேறு. பட்டை உராய்ந்து எண்ணெய் போன ஓரத்தில் மட்டும் கரண்ட் எல்லாம் சேர்ந்து நுழைந்திருக்கிறது. அதுதான் அந்தச் சிவப்பு.

சீயக்காய் வரவழைத்து, வெந்நீர் விட்டு, காலை இரண்டு முறை தேய்த்துக் கழுவினோம். துடைத்துப் பேடு வைத்தேன். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினாள்.

டக். டக். டக்.

"கண்ணத் தெறட்டி, ஓடுது" என்றார் சுடலைமுத்து. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

6. கூட்டாளிகளோடு ஒப்பந்தம்

'இனி எண்ணெய் கூடாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடத்தான் பெரிய டாக்டர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அந்த மனிதர்களுக்குக் கொடுக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை வேண்டாம் என்றால், அவரைப் பார்க்க வருவதே நின்றுபோகும். இன்னொன்றும் யோசித்தேன். தினமும் அவர் முதுகையும் பிட்டத்தையும் தடவிப் பார்க்க ஒருவர் வேண்டும். சூடு இருக்கிறதா, தடிப்பு இருக்கிறதா, சிவப்பு இருக்கிறதா? அதற்கு எண்ணெய்க்காரர் கையைவிடத் தோதான கை எது?

மாடசாமியை வரச் சொன்னேன். தப்புச் செய்துவிட்டோம் என்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, காலையில கரண்டு. சாயந்தரம் எண்ண. ராத்திரிக்குள்ள சீயக்காய். லேசாத் தேய்க்கணும், அமுக்கக்கூடாது. தேய்க்கும்போது பின்பக்கம் எங்கயாவது சூடாவோ தடிப்பாவோ இருந்தா, மறுநாள் எங்கிட்ட சொல்லணும். முடியுமா?"

அவர் முகம் தெளிந்தது. "இதுதானா? கைய வச்சாத் தெரிஞ்சிருமே. நீங்க கவலப்படாதிய" என்றார்.

அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. ஒரு முறை மாடசாமியே காலையில் வந்து, "வலப்பக்கம் எலும்புகிட்ட லேசாச் சூடு காணுது" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் நாற்காலித் துணியில் ஒரு மடிப்பு. சரிசெய்தோம். கண்ணுக்குச் சிவப்பு தெரியும் முன்பே அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் நானும் ஒரு பாடம் நடத்தினேன். உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் விடும். எப்போது தூக்குவது என்று சுடலைமுத்துவுக்கு ஞாபகம் நிற்கவில்லை. "ஒரு தலைக்கு எண்ண தேச்சு முடிச்சதும் ஒரு தூக்கு" என்றேன். அது மட்டும் பிடித்துக்கொண்டது.

7. சாரல்

ஆனியில் சாரல் விழுந்தது. மெயின் அருவிக்குப் போகிற வழியில், சுவரோரமாகக் கூட்டாளிகள் ஒரு பலகை போட்டார்கள். அதன் மேல் பாதிக் காற்று அடைத்த ஸ்கூட்டர் டியூப், அதற்கு மேல் மெத்தை. எதிரே ஒரு முக்காலி, வருகிறவர் உட்கார.

முதல் நாள் பெரிய டாக்டரும் நானும் போயிருந்தோம். முதல் தலை பெரிய டாக்டருடையதுதான். அவர் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் தூங்கி வழிய ஆரம்பித்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தேய்த்து முடித்ததும் சுடலைமுத்து கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினார். என்னைப் பார்த்து, கணக்குச் சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் வரை இருந்தோம். விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கூட்டாளிகள் துணி மறைப்புக் கட்டி அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மாடசாமி கையை வைத்துப் பார்த்தார். நான் விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடம் உடனே பழைய நிறத்துக்கு வந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாள் மறைப்புக்கு வெளியே நின்று, "என்ன அக்கா, என்ன அக்கா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சொன்னதும் இந்த முறை தேங்காய் உடைக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சுடலைமுத்து கடைசிவரை நடக்கவில்லை. நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் எந்தச் சீசனும் அவர் உட்காராமல் போனதும் இல்லை. அந்தச் சைக்கிளில் பிறகு வேறு சிலரும் மிதித்தார்கள். எல்லோருக்கும் பலன் கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தசைக்குப் போகிற நரம்பே அறுந்தவர்களுக்குச் சைக்கிள் அசையவே இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், என்ன தொழில் என்று கேளுங்கள். வீட்டில் யார் அவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நாம் ஒரு மணி நேரம் பார்க்கிறோம். மிச்சப் பொழுதெல்லாம் அவர்கள் கையில்தான். எங்கள் சைக்கிளை நிறுத்தியதும் அந்தக் கைகள்தான், அவரைப் பகல் முழுக்க உட்கார வைத்ததும் அந்தக் கைகள்தான்.

அருவிக்கரையில் அவர் உட்கார்ந்த அந்த முதல் நாளில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் முக்காலியில் உட்காரப் போனவர், போர்வைக்குள் அசையாமல் கிடந்த கால்களைப் பார்த்துத் தயங்கினார். "காலுக்கு என்னப்பா?" என்று கேட்டார்.

சுடலைமுத்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தார்.

"அதுக ரெண்டும் விடியக்காலமே சைக்கிள் மிதிச்சு, வேலைய முடிச்சிட்டு வந்து படுத்திருக்கு அண்ணாச்சி. இப்பக் கைக்குத்தான் டூட்டி. தலையக் குனிங்க."